ஏழுமல சேர்ல குந்தினவன்

எனக்கு இதுலல்லாம் நம்பிக்க கெடையாது நைனா, மொதல்ல அத்த சொல்லிட்றேன். பேயி, பிசாசு, ஆவி, சாமி எறங்கி ஆட்றது, எதுவும். எங்க தெருவுல ஆடி மாசம் வந்தா பாதி பொம்பளைங்க தலமுடிய அவுத்து வுட்டுகினு ஆடுவாங்க, நான் மட்டும் இடுப்புல கைய வெச்சிகினு நின்னு, போதும் எய்ந்து வா, அடுப்புல சோறு தீயுதுன்னு சொல்ற ஆளு. என் வூட்டுக்காரன் செத்தப்ப, ராத்திரி கனவுல வந்து பசிக்குதும்பான், ஒரு வாய் சோறு எட்த்து வெய்யின்னு மாமியாக்காரி சொல்லிச்சி. உசுரோட இருந்தப்ப ஒரு நாள் வூட்டுக்கு ஒயுங்கா வந்து துன்னதில்ல, செத்தப்பறம் இன்னா புதுசா பசின்னு கேட்டுட்டேன். அப்டி ஒரு வாயி எனக்கு. அதனால இப்ப சொல்றத நீ நம்புனா நம்பு, நம்பாட்டி டீய குட்ச்சிட்டு கெளம்பிகினே இரு, நான் ஒண்ணும் கோச்சிக்கமாட்டேன். ஆனா அந்தப் பெஞ்சு ஓரத்துல மட்டும் குந்தாத. இந்தப் பக்கம் வா.

எர்ணாவூர்ல லாரிங்க வரிசையா நிக்குமே அந்த ரோட்ல ஒரு ஒயின்ஷாப்பு இருந்திச்சி, அதுக்குப் பின்னால ஆஸ்பெஸ்டாஸ் போட்ட பாரு. இப்ப இல்ல, எடுத்துட்டாங்க. அந்த பார்ல சைடிஷ் போட்டுகினு இருந்தவ நான்தான். நெத்திலி வறுவல், அவிச்ச முட்ட, ஈரலு, பட்டாணி சுண்டல், ஆம்லெட்டு. ஒரு பொம்பள பார்ல நின்னு அடுப்பு ஊதறான்னு எவ்ளோ பேரு எவ்ளோ பேசியிருப்பாங்க. பேசிட்டுப் போவட்டும். குடி என்னா பண்ணும்னு எனக்குத் தெரியாதா, என் புருசன் அதுலயே போனவன்தான். ஆனா ஒண்ணு சொல்றேன், அந்த தகரக் கொட்டாயில எனக்கு கெடச்ச மரியாத எங்க சொந்தக்காரன் வூட்டுல கெடச்சதில்ல. எவனாவது புதுசா வந்தவன் என்னப் பாத்து ஒரு மாதிரி பேசிட்டான்னு வெய்யி, நாலு டேபிளும் ஒண்ணா எய்ந்து நிக்கும்.

மூல டேபிளு எங்க ஆளுங்களோடது. கன்னியப்பன் அண்ணன், ஹார்பர்ல கிரேன் ஓட்டி ரிடையர் ஆனவரு, பேச்சே கெடையாது, பேசுனா ஒரு வார்த்ததான், ஆனா அதுக்கு மேல யாரும் பேசமாட்டாங்க. அந்தோணி அண்ணாச்சி, தூத்துக்குடி பக்கத்துக்காரரு, தேரடிகிட்ட அரிசி மண்டி. கடையப் பூட்டிட்டு சாவியோட வருவாரு, ரோட்ல போற சர்ச்சு ஆளுங்க பாத்துடக் கூடாதுன்னு டம்ளரு மேல கர்ச்சீப்ப போட்டு மூடி வெச்சிப்பாரு. ஊருக்கே தெரியும், கர்ச்சீப்புக்கு மட்டும்தான் தெரியாது. மூணாவது ஆளு என் தம்பி ஏழுமல.

ஏழுமலய வளத்தது நான்தான். எங்க அம்மா போனப்ப அவனுக்கு பால்பல்லு கூட வியல. எனக்கு புள்ள குட்டி கெடையாது, புருசனும் போயி சேந்தான், அவனும் கல்யாணம் பண்ணிக்கல, ஆக மொத்தம் எனக்கு இருந்தது அவன் ஒருத்தன், அவனுக்கு நான் ஒருத்தி. அவன் ஆக்டிங் டிரைவரு. அப்டின்னா சொந்த வண்டியும் இல்ல, நெலையா ஒரு ஓனரும் இல்ல. காலைல ரவுண்டானால போயி நிப்பானுங்க, எந்த லாரில டிரைவர் லீவோ அந்த வண்டிக்காரன் வந்து வரியான்னு கேப்பான், ஏறிப் போயி ஒரு ட்ரிப்பு ஓட்டிக் குட்த்துட்டு எறங்கி வந்துடுவான். இன்னிக்கு எந்த வண்டி, எந்த ஊருன்னு அவனுக்கே தெரியாது, எனக்கு எப்டித் தெரியும். ஆனா எங்க போனாலும் போன் பண்ணிடுவான், யக்கா துன்ட்டேன், தூங்கப் போறேன்னு.

பார்ல அவனுக்குன்னு ஒரு கிளாஸ் வெச்சிருந்தேன். மத்தவங்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் டம்ளரு, அவனுக்கு மட்டும் அடி தடிச்ச கண்ணாடி கிளாஸ். அதுல வாயிகிட்ட சின்னதா ஒரு எடம் ஒடஞ்சிருக்கும், அந்தப் பக்கம் ஒதட்ட வெக்காம திருப்பிக் குடிப்பான். அளவா குடிப்பான், பிராந்திதான், தொட்டுக்க நெத்திலிதான். தலையோட கடிப்பான். வெங்காயம் மட்டும் ஆவாது. நெத்திலி மேல வெங்காயம் ஒரு துண்டு கெடந்தாக்கூட வெரலால தள்ளி வுட்டு, யக்கா கலீஜ் பண்ணாதன்னு கத்துவான். சின்னப் புள்ளைலேந்து அப்டிதான். எனக்கு ஆளுங்க மூஞ்சி கூட மறந்துபூடும் நைனா, தட்டு மறக்காது. இன்னார் இன்னா துன்னுவான், இன்னா மிச்சம் வெப்பான், எல்லாம் அத்துப்படி. அண்ணாச்சி தட்டுல மஞ்சக்கரு மிச்சம் இருக்கும். கன்னியப்பண்ணன் தட்டுல முள்ளு கூட இருக்காது.

அந்த வருசம் அம்மன் கோயில் கூழுக்கு, எப்பவும் போல எங்க டேபிள்காரங்க ஒரே துணி எட்த்து சட்ட தெச்சாங்க. அண்ணாச்சி அவருக்குத் தெரிஞ்ச கடைல மொத்தமா எட்த்தாந்தாரு. கிளிப்பச்ச கலரு, காலர்ல மஞ்சப் பட்டி. வேற எவனும் காசு குட்த்தாக்கூட போடமாட்டான் அந்தச் சட்டைய. நம்ம ஆளுங்க மூணு பேரும் போட்டுகினு நின்னா தூரத்துலேந்து பாத்து சிரிப்பு வரும். நான் ஏழுமல சட்டப் பையில அடுப்புக் கரி பட்டுடுச்சின்னு திட்டித் திட்டித் தொவச்சிருக்கேன்.

அப்பால மழக்காலம் வந்துச்சி. அந்த மழைல ஒரு இந்திக்காரன் பாருக்கு வர ஆரமிச்சான். மணலி பக்கம் ஏதோ கம்பெனில காண்ட்ராக்ட் வேல போல, சடையங்குப்பத்துல தங்கற ஷெட்டு. மழைக்கு ஒதுங்கினவன, உள்ள வாடான்னு ஏழுமலதான் கூப்ட்டு டேபிள்ல குந்த வெச்சான். முப்பது வயசு இருக்கும், தாடி, ஈர பனியனு. குடிக்கமாட்டான். நெத்திலி வெச்சேன், கையெட்த்துக் கும்பிட்டு வாணாம்னான். அப்பறம் அடுப்படில கெடந்த பச்ச வெங்காயத்தையும் பச்சமொளகாவையும் காட்டி, அத்த குடுன்னு கை காட்டினான். உப்பு தொட்டு நறுக்கு நறுக்குன்னு கடிச்சித் துன்னான் பாரு, பாக்கற எனக்கு கண்ணுல தண்ணி. மொளகாவத் துன்னுட்டு காம்பத் தூக்கிப் போடமாட்டான், தட்டு ஓரத்துல வரிசையா அடுக்கி வெப்பான். ஏழுமலைக்கு வெங்காய வாடையே ஆவாது, மூக்கப் புட்ச்சிகினு, ஆனாலும் அவன் பக்கத்துலயே குந்தி தமிழ்ல என்னென்னமோ பேசுவான், அவன் இந்தில பேசுவான், ரெண்டும் சிரிச்சிக்கும். பேரு இன்னான்னு நாங்க யாரும் கேக்கல. இந்திக்காரன், அவ்ளோதான்.

ஒரு நாள் விடியக்கால ஏழுமல ரவுண்டானாவுக்குப் போனான். அவன் போனு மழைல நனஞ்சி ரிப்பேருக்குக் குட்த்திருந்தான். அன்னிக்கு புட்ச்ச மழ வுடவேயில்ல. ஏரித் தண்ணியத் தொறந்து வுட்டாங்க, சடையங்குப்பம் முழுசும் முழுகிச்சி, எங்க பாருக்குள்ளயே முட்டிக்கால் தண்ணி. மழ நின்னு தண்ணி வடிஞ்சப்பறமும் ஏழுமல வரல. எந்த வண்டில போனான்னு யாருக்கும் தெரியல. நான் லாரி ஸ்டாண்டு ஸ்டாண்டா நின்னேன். அப்ப எண்ணூர் முகத்துவாரத்துகிட்ட ஒரு பொணம் ஒதுங்கியிருக்குன்னு சொன்னாங்க. கிளிப்பச்ச சட்ட, காலர்ல மஞ்சப் பட்டி.

எங்க பக்கம் பொம்பளைங்கள மார்ச்சுரிக்கு வுடமாட்டாங்க. கன்னியப்பண்ணனும் அண்ணாச்சியும்தான் போயி பாத்து, கையெழுத்து போட்டு வாங்கியாந்தாங்க. மூஞ்சிய தொறக்கவேணாம், தண்ணில ஊறினது, நீ பாக்கவேணாம்னுட்டாங்க. துணியோட சுத்துன ஒண்ணு மேல வியுந்து நான் அய்தேன் நைனா, என் தம்பின்னு நெனச்சி. எப்டி அய்தேன்னு இப்ப சொல்ல முடியாது. ஏன் என்னியும் சேத்துப் பொதைக்கலன்னு இருந்திச்சி. ஊரு ஜனமே கூடி வந்து மண்ணு போட்டுச்சி, ஏழுமலன்னு பேரு எழுதி ஒரு பலக நட்டாங்க.

பதினாறாம் நாளு படையல பார்லயே போட்டாங்க, அவன் அங்க இருந்த நேரந்தான் அதிகம்னு. அவன் சேருக்கு எதிர்ல டேபிள்ல, அவன் கிளாஸ்ல பிராந்தி, தட்டு நெறைய நெத்திலி. அன்னிலேந்து கன்னியப்பண்ணன் ஒரு பழக்கம் வெச்சிட்டாரு, சாயந்தரம் மொத ரவுண்டு ஊத்தறதுக்கு முன்னாடி ஏழுமலைக்கு வெச்சிட்டுத்தான் ஊத்தணும். நான் டெய்லி தட்டு வெச்சேன். எதுக்கு எங்கிட்ட இதெல்லாம் சொல்றீங்க, எனக்கு நம்பிக்க கெடையாதுன்னு சொல்லத் தெம்பில்ல எனக்கு. அவன் பேரச் சொல்லி ஒரு தட்டு கழுவி வெக்கறது, அது ஒண்ணுதான் எனக்கு வேலையா இருந்திச்சி. ஏழுமல, சாப்புட்றா, அப்டின்னு வாய் வுட்டு சொல்லி வெப்பேன். எல்லாரும் சொல்லுவாங்க. ஏழுமல குட்ரா, ஏழுமல துன்னுடா. பார்ல ஒரு வாலறுந்த பூன உண்டு, மீன் வாசன வந்தா தட்டோட இழுத்துகினு ஓடும், அது அந்தத் தட்டுகிட்ட மட்டும் வராது, நெத்திலி வெச்சது வெச்சபடி கெடக்கும். நான் அப்பவும் ஒண்ணும் நெனைக்கல. பூனைக்கு வயிறு நெறஞ்சிருக்கும்னு நெனச்சேன்.

ஒரு நாளு புயல்னு மீன் போட்டுங்க எதுவும் கடலுக்குப் போவல, நெத்திலி வரல. காலித் தட்டு வெக்கக் கூடாதுன்னாரு கன்னியப்பண்ணன். அடுப்படில வெங்காயமும் பச்சமொளகாவும்தான் இருந்திச்சி. உனக்கு ஆவாதுதான் ஏழுமல, கோச்சிக்காத, இன்னிக்கு இதான்னு சொல்லி, கொஞ்சம் உப்போட வெச்சிட்டுப் போயி முட்ட ஒடச்சிகினு இருந்தேன். திரும்ப வந்து பாத்தா வெங்காயத்தக் காணோம். மொளகாவும் இல்ல. காம்பு மட்டும் தட்டு ஓரத்துல, வரிசையா.

எவன்டா பொணத்துக்கு வெச்சத துன்னதுன்னு நான் கத்துன கத்துல பாரே எய்ந்து நின்னுச்சி. எல்லாரும் அம்மன் மேல சத்தியம் பண்ணானுங்க. அண்ணாச்சி கர்த்தர் மேல பண்ணாரு. பிராந்தி அப்டியே கீது, நக்கிக் கூடப் பாக்கல. பக்கத்துல தண்ணி வெச்சிருந்தேன், அது காலி. சரி, எவனோ வெளையாட்றான்னு மறுநாளும் வெங்காயமே வெச்சேன், கண்ண எடுக்காம பாத்துகினே இருந்தேன். வாணல்ல எண்ண பொங்கிச்சின்னு ஒரு தபா திரும்பினேன், அவ்ளோதான். காம்பு வரிசையா கீது. சேருக்கு அடில தர ஈரம்.

எனக்கு அப்ப பயம் வரல நைனா. நம்ப மாட்ட நீ, எனக்கு சந்தோசம் வந்திச்சி. இது என் தம்பி இல்ல. என் தம்பி செத்தாலும் வெங்காயம் துன்னமாட்டான். இந்தச் சேர்ல வந்து குந்தறவன் அந்த இந்திக்காரன், வெள்ளத்துலேந்து அவனும்தான் வரல. அப்ப பொதைச்சது அவன. அப்ப என் தம்பி எங்கயோ உசுரோட கீறான்.

ஓடிப் போயி சொன்னேன். அண்ணாச்சி என் கையப் புட்ச்சிகினு, “ஏம்மா, மனசத் தேத்திக்கோ தாயி. நாங்க போயி பாத்தோம்லா. போனவன் திரும்பி வருவானா?”ன்னு அழுவறாரு. நான் கன்னியப்பண்ணன் எதிர்ல போயி நின்னேன்.

“அண்ணே, நீ மூஞ்சிய பாத்தியா?”

அவரு டம்ளர கைல உருட்டிகினு இருந்தாரு.

“முதுகுல அவனுக்கு சைலன்சர் சுட்ட தழும்பு கீதே, அத்தப் பாத்தியா?”

“சட்டையப் பாத்தேன் மல்லிகா,” அப்டின்னாரு. “நம்ம சட்ட. அதுக்கு மேல எனக்குப் பாக்க முடியல.” சொல்லிட்டு டம்ளர கவுத்து வெச்சிட்டு எய்ந்து போயிட்டாரு. அந்த ஆளு கண்ணுல தண்ணி வந்து அன்னிக்குத்தான் பாத்தேன்.

போலீஸ்ல போயி நின்னா, பொதச்சவன தேடறியாம்மா, வூட்ல யாராவது பெரியவங்க இருந்தா இட்டுகினு வான்றாங்க. மணலி, மாதவரம், எங்கெல்லாம் லாரி நிக்குதோ அங்கெல்லாம் போட்டோவ வெச்சிகினு அலஞ்சேன். செருப்பு அறுந்து வெறுங்கால்ல நடந்தேன். பைத்தியம்னு சொன்னாங்க. தெரிஞ்சவங்க எதிர்ல வந்தா ரோட்டத் தாண்டி அந்தப் பக்கம் போனாங்க. பசி கெடையாது, தூக்கம் கெடையாது. இருக்கான்னு தெரிஞ்சி, எங்கன்னு தெரியாம இருக்கறது செத்துட்டான்றதவிட பேஜாரு நைனா. எங்கயோ தண்ணி கேட்டுகினு கெடப்பானோ, யக்கான்னு கூப்புட்றானோன்னு காதுல கேட்டுகினே இருக்கும்.

எல்லா வழியும் அடஞ்சி போன ஒரு சாயந்தரம், ஷிப்ட்டு வுட்ற நேரம், பார்ல நல்ல கூட்டம். நான் தட்ட எட்த்தாந்து வெச்சேன். வெங்காயம், மொளகா, உப்பு, தண்ணி, கன்னியப்பண்ணன் ஊத்தி வெச்ச பிராந்தி கிளாஸு. வெச்சிட்டுப் போவல. அத்தினி வருசத்துல அந்த பார்ல நான் ஒரு நாளும் டேபிள்ல குந்தினதில்ல, அன்னிக்கு எதிர் சேர இழுத்துப் போட்டுக் குந்திட்டேன். பேச்சுச் சத்தமெல்லாம் நின்னுபோச்சி. நான் யாரையும் பாக்கல. டேபிள் மேல தலைய வெச்சி கவுந்துட்டு சொன்னேன். யப்பா, நீ யாரு பெத்த புள்ளையோ, உன் பேரு கூட எனக்குத் தெரியாது. உன் மேல என் தம்பி சட்ட கீது. உன்னிய என் தம்பின்னு நெனச்சி மாரடிச்சி அய்திருக்கேன், டெய்லி சோறு வெக்கறேன். என் தம்பி எங்கன்னு காட்டு. அவன் இல்லன்னா நானும் இல்ல. இந்தில ரெண்டு வார்த்த தெரியும் எனக்கு, மேரான்னா என்னோட, கிதர்னா எங்க, அத்தயே சொல்லிகினு இருந்தேன். மேரா தம்பி கிதர், மேரா தம்பி கிதர்.

அப்ப எதிர்ல நறுக்குன்னு ஒரு சத்தம். வெங்காயம் கடிக்கிற சத்தம். நல்லா மென்னு துன்ற சத்தம் கேட்டுச்சி நைனா, அடுப்புப் பக்கத்துலேந்து வர்ல, என் தலைக்கு எதிர்லேந்து வந்துச்சி. நான் தலையத் தூக்கல. தூக்க முடியல. ஈரத் துணி வாட. அப்பால சத்தம் நின்னுச்சி, பிளாஸ்டிக் சேரு தரைல நவுந்தது.

தலையத் தூக்கிப் பாத்தா சேரு பின்னால தள்ளிக் கீது. காம்புங்க வரிசையா கீது. ஏழுமல கிளாஸக் காணோம். பிராந்தியோட காணோம். கன்னியப்பண்ணனும் அண்ணாச்சியும் பக்கத்து டேபிள்ல, இவங்க ரெண்டு பேரும் என்னியேதான் பாத்துகினு இருந்திருக்காங்க, கண்ணக் கூட இமைக்கலன்றாங்க, ஆனா கிளாஸு எப்பப் போச்சின்னு கேட்டா ரெண்டு பேராலயும் சொல்ல முடியல. அண்ணாச்சி கர்ச்சீப்பு கீய வியுந்தத எடுக்கவேயில்ல.

நான் அடுப்ப அணச்சிட்டு வூட்டுக்குப் போயி சேரல, பாதி வழில போனு அடிச்சிது. தெரியாத நம்பரு. ஒரு பொம்பள தெலுங்குல பேசறா, எனக்கு கொஞ்சம் புரியும். நெல்லூரு தாண்டி ஒரு ஊரு, கவர்மெண்ட் ஆஸ்பத்திரி, நர்ஸம்மா. லாரி கவுந்து அடிபட்டு பேரு ஊரு தெரியாம ஒரு ஆளு கெடந்தான், கண்ண தொறந்தாலும் பேச்சில்லாம இருந்தான், இப்ப இன்னா செய்தி தெரியுமா, திடீர்னு வாய் தொறந்து இந்த நம்பர சொன்னான். அப்டின்னு சொல்லிட்டு போன அவன் காதுல வெச்சா.

“யக்கா,” அப்டின்னான்.

அந்தக் கொரல கேட்டதும் திரும்ப பாருக்கே ஓடினேன்.

அண்ணாச்சி அரிசி லோடு ஏத்தற வண்டிலயே ராவோட ராவா போனோம், மூணு பேரும். வழி பூரா கன்னியப்பண்ணன் சாமி கும்பிட்ற மாதிரி கைய கூப்பி வெச்சிகினே வந்தாரு. போயி பாத்தா ஏழுமலதான். எலும்பும் தோலுமா, தலைல கட்டு, எடது கால முட்டிக்குக் கீய எட்த்துட்டாங்க. போனா போவுது காலு. நான் அவன் முதுகத் திருப்பி தழும்பப் பாத்துட்டுத்தான் அய்தேன்.

அய்து முடிச்சிட்டு கண்ணத் தொடச்சா, கட்டிலு பக்கத்துல சின்ன இரும்பு அலமாரி மேல ஒரு கிளாஸு. அடி தடிச்ச கண்ணாடி கிளாஸு. நான் வெரலால சுத்தித் தடவினேன், ஒடஞ்ச எடம் வந்திச்சி. மோந்து பாத்தேன், பிராந்தி.

“நீதான் அனுப்புனியாக்கா அவன?” அப்டின்றான் ஏழுமல. “நம்ம இந்திக்காரன். சாயந்தரம் ஆனா வந்து குந்திப்பான், பக்கத்துல வெங்காய நாத்தம் தாங்காது. எனக்குக் காது கேக்குது, வாய் வரல. நேத்து இந்த கிளாஸ எட்த்தாந்து என் ஒதட்ல வெச்சான். தொண்டைல எறங்குன ஒடனே உன் நம்பரு ஞாபகம் வந்துச்சி.”

எந்தச் சட்ட போட்டிருந்தான்னு கேட்டேன். “என் சட்டதான். கெளம்புன அன்னிக்கு விடியக்கால பஸ் ஸ்டாப்புல குளுர்ல வெடவெடன்னு நின்னான், பையிலேந்து எட்த்துக் குட்த்தேன். வந்து சொன்னா நீ திட்டுவன்னு அப்பவே நெனச்சேன்,” அப்டின்னான். நர்ஸம்மாவும் சொன்னா, கொஞ்ச நாளா பச்ச சட்டக்காரன் ஒருத்தன் வர்றான், அவன் போனப்பறம் தர ஈரமா கீதுன்னு கூட்டறவங்க சண்ட போட்றாங்கன்னு. கன்னியப்பண்ணன் அந்த ஈரத்தப் பாத்துகினே செவுத்துல சாஞ்சிட்டாரு.

இதோட முடிஞ்சிதுன்னு வெய்யி, நல்ல கதன்னு சொல்லிட்டுப் போயிடலாம். முடியல.

பாரு போச்சி. இந்த டிபன் கடைய போட்டேன். தோ உள்ள வெங்காயம் உரிச்சிகினு குந்திகினு கீறானே கட்டக்கால வெச்சிகினு, அவன்தான் ஏழுமல. வெங்காயம் ஆவாதவனுக்கு இப்ப அதான் வேல. கன்னியப்பண்ணனும் அண்ணாச்சியும் சாயந்தரம் வந்து டீ குடிப்பாங்க, குடிய வுட்டாச்சி, அண்ணாச்சி பழக்க தோசத்துல டீ கிளாஸ் மேலயும் கர்ச்சீப்பு போட்றாரு. அந்த இந்திக்காரன் யாரு, எந்த ஊருன்னு நாங்க நாலு பேரும் தேடாத எடமில்ல. ஷெட்ல இருந்தவனுங்கல்லாம் வெள்ளத்துக்கப்பறம் எங்கெங்கயோ போயிட்டானுங்க. எந்த காண்ட்ராக்டர கேட்டாலும் வருவானுங்க போவானுங்கன்றான். ஏதோ ஒரு ஊருல அவங்க அம்மா போன் வரும்னு பாத்துகினு இருப்பா. நான் எப்டி இருந்தேனோ அப்டி இருப்பா. அத்த நெனச்சா எனக்கு சோறு எறங்காது. டெய்லி சாயந்தரம் அந்தப் பெஞ்சு ஓரத்துல தட்டு வெக்கறேன். ஏழுமல வந்து சேந்த நாள்லேந்து வெங்காயத்த யாரும் தொட்டதில்ல. சரி, அவன் போயி சேந்துட்டான்னு மனசத் தேத்திகினு இருந்தேன்.

போன மழைல ஒரு சாயந்தரம் புதுசா ஒரு இந்திக்கார ஆளு கடைக்கு வந்தான். ஊருக்கே புதுசு, மொத நாளு மாதிரி பைய மாட்டிகினு, தமிழ் அரகொறயா வருது. இட்லி வெக்கப் போனேன். “மொதல்ல அவருக்கு குடு,” அப்டின்னு அந்தப் பெஞ்ச காட்றான். அங்க யாரும் இல்ல நைனா. உள்ள ஏழுமல வெங்காயம் நறுக்கற கத்தி சத்தம் நின்னுபோச்சி. கன்னியப்பண்ணன் டீய கீய வெச்சாரு.

நான் ஓடி அந்த ஆளு கையப் புட்ச்சிட்டேன். அவன் பேரக் கேளு, ஊரக் கேளு, அவங்க அம்மா பேரக் கேளு, நீ நல்லா இருப்ப கேளுன்னு கெஞ்சினேன். அவன் என்னிய ஒரு மாதிரி பாத்துட்டு, பெஞ்சு பக்கம் திரும்பி இந்தில கேட்டான். தலைய சாச்சி ஏதோ கேக்கற மாதிரி நின்னான். மறுபடியும் கேட்டான். அப்பால எங்கிட்ட திரும்பி, “ஊரு தெரியாது சொல்றான். அம்மா தெரியாது சொல்றான்,” அப்டின்னான். பேரு, பேர கேட்டியான்னேன்.

அந்த ஆளுக்கு அந்தப் பேரு வாயில நொழையல, தப்புத் தப்பா சொல்லிப் பாத்தான். எலுமலே. எலுமலைன்றான்.

பொதச்சப்ப அந்தப் பேரச் சொல்லித்தான பொதச்சோம். பலகைல அந்தப் பேருதான். டெய்லி தட்டு வெச்சி, எல்லாருமா சேந்து அந்தப் பேரச் சொல்லித்தான அவனக் கூப்ட்டோம். துன்னுடா ஏழுமல, குட்ரா ஏழுமலன்னு. நாங்க சொல்லிச் சொல்லி அவன் பேர நாங்களே அழிச்சிட்டோமா, இல்ல அந்தச் சட்டையோட சேத்து வாங்கிகினானா, எனக்குத் தெரியல. அந்த ஆளு இட்லி துன்னாம போயிட்டான். அப்பறம் வரவேயில்ல. பெஞ்சுல தட்டு மட்டும் இருந்திச்சி, ஓரத்துல காம்பு வரிசையா.

பலகைய எட்த்துட்லாம்னு அண்ணாச்சி சொன்னாரு. ஏழுமலதான் ஒத்துக்கல, அதுவும் போச்சின்னா அவனுக்கு இன்னாக்கா இருக்குன்னான். இப்பல்லாம் இந்திக்கார புள்ளைங்க யாரு கடைக்கு வந்தாலும் மொதல்ல பேரு, ஊரு, அம்மா பேரு கேட்டுட்டுத்தான் தட்டு வெக்கறேன், கெய்விக்கு லூசுன்னு சிரிக்கறானுங்க, சிரிச்சிட்டுப் போவட்டும். ஒண்ணு கவனிச்சியா நைனா, நீ வந்து இவ்ளோ நேரமாச்சி, உள்ள கீற என் தம்பிய நான் ஒரு தபா கூட பேர் சொல்லிக் கூப்டல. யப்பா, இந்தாடா, அப்டிதான். கூப்ட்டா எந்தப் பக்கத்துலேந்து பதில் வருமோன்னு பயமா கீது.